போர்க்காலமும் தொட்டிக்கட்டும்: நட்பு வளர்த்த தமிழ்

போரும் நட்பும் ஒன்றற்கொன்று மாறானவை. ஒன்று பிரிப்பது, மற்றொன்று சேர்ப்பது. எனினும் தமிழிலக்கியத்தில் நட்பின் பெருமை மிகுதியும் போர்ச்சூழலிலேயே வெளிப்படுகின்றது. மூவேந்தரும் பறம்பு மலையை முற்றுகையிட்டிருந்த காலத்தில் கபிலர் பாரியின் அருகிலேயே இருந்தார். பாரி மறைந்தபின் அவன் மகளிரை அழைத்துக்கொண்டு விச்சிக்கோனிடமும் இருங்கோவேளிடமும் சென்று, அவர்களை மணந்துகொள்ள வேண்டினார். தகடூர் அதியமானுக்காக ஔவையார் தொண்டைமானிடம் தூது சென்றார். அமைதிக் காலத்தில் புலவனும் புரவலனுமாக இருந்தவர்கள் போர் வந்தபோது நண்பர்களாயினர் என்பதைப் புறநானூறு காட்டுகின்றது.

சங்க காலத்துக்கு மட்டும் உரிய செய்தியன்று இது. 1939ஆம் ஆண்டு செப்டம்பரில் தொடங்கி 1945இல் முடிந்த இரண்டாம் உலகப்போர்க் காலத்திலும் இந்நிலையைக் காணலாம். நகரங்கள் அஞ்சி ஒடுங்கியபோது ஊர்ப்புற வீடுகள் மக்களை ஏற்றுக்கொண்டன. சில வீடுகள் கலையையும் மொழியையும் காத்தன. இங்கிலாந்தில் இதனைப் பற்றி நூல்கள் பல எழுந்துள்ளன. தமிழகத்திலும் இதற்கு இணையான வரலாறு உண்டு. அதனை ஒருசேர வைத்துக் காண்பதும், இலக்கிய வட்டம் ஒன்று எதனால் வாழ்கின்றது என்னும் வினாவுக்கு அவ்வரலாற்றில் விடை தேடுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆங்கில நாட்டின் ஊர்ப்புற மாளிகைகள்

இங்கிலாந்தில் பிரபுக்களின் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த பெரிய மாளிகைகள் நகரங்களில் அல்லாமல் ஊர்ப்புறங்களிலேயே மிகுதி. சுற்றிலும் பண்ணை நிலம், பூங்கா, குதிரை லாயம், நூலகம் என்று அமைந்த அம்மாளிகைகளில் வார இறுதி நாள்களில் நண்பர்கள் கூடுவது வழக்கம். கொங்கு நாட்டார்க்கு இவ்வமைப்பு முற்றிலும் புதியதன்று. காங்கேயம் மாட்டினத்தைப் பேணி வளர்த்த பழையகோட்டைப் பட்டக்காரர் அரண்மனையை நினைத்துக்கொண்டால், நிலத்தோடும் கால்நடையோடும் பிணைந்த பெருவீட்டு வாழ்வு எத்தகையது என்பது விளங்கும்.

போர் மூண்டதும் அம்மாளிகைகளின் வாழ்வு தலைகீழாயிற்று. குண்டுவீச்சுக்கு அஞ்சி 1939 செப்டம்பரின் முதல் சில நாள்களிலேயே ஏறத்தாழ 15 லட்சம் பேர், பெரும்பாலும் குழந்தைகளும் தாய்மாரும், நகரங்களிலிருந்து ஊர்ப்புறங்களுக்கு அனுப்பப்பட்டனர். பெருமாளிகைகள் பள்ளிகளாகவும் மருத்துவமனைகளாகவும் படைவீடுகளாகவும் மாறின. சாட்ஸ்வொர்த் மாளிகையில் பென்ரோஸ் கல்லூரி மாணவியர் குடியேறினர். சர்ச்சில் பிறந்த பிளென்ஹைம் அரண்மனை மால்வெர்ன் கல்லூரிக்கு இடம் கொடுத்தது. காசில் ஹோவர்டில் தங்கியிருந்த பெண்கள் பள்ளியின் காலத்தில், 1940 நவம்பரில், அம்மாளிகையின் ஒரு பகுதி தீக்கு இரையாயிற்று. பிளெட்ச்லி பார்க் என்னும் மாளிகையிலோ பகைவரின் மறைகுறிச் செய்திகளை விடுவிக்கும் பணி இரவு பகலாக நடைபெற்றது. 1941 டிசம்பரில் பெண்களையும் போர்ப்பணிக்கு அழைக்கும் சட்டம் வந்தபின், மாளிகைகளைத் துலக்கியும் சமைத்தும் வந்த பணிப்பெண்கள் தொழிற்சாலைகளுக்குச் சென்றனர். யாருடைய உழைப்பின்மீது அம்மாளிகை வாழ்வு நின்றது என்பது அவர்கள் சென்ற பின்னரே பலர்க்கும் புலப்பட்டது.

இம்மாற்றத்தைக் கண்ட ஈவ்லின் வா என்னும் நாவலாசிரியர் 1944இல் படைப்பணியிலிருந்து விடுப்புப் பெற்று ஒரு நாவல் எழுதினார். 1945இல் வெளிவந்த அந்த ‘பிரைட்ஸ்ஹெட் ரீவிசிட்டெட்’, படையினர் தங்கியுள்ள ஒரு மாளிகைக்கு அதிகாரியாக வந்து சேரும் ஒருவன், இளமையில் அதே மாளிகையில் தான் பெற்ற நட்பை எண்ணிப் பார்ப்பதாக அமைந்துள்ளது. அத்தகைய மாளிகைகள் இனி அழிந்தே போகும் என்று அந்நாளில் அவர் கருதினார். 1959இல் அந்நூலின் திருத்திய பதிப்புக்கு முன்னுரை எழுதியபோது, அக்கருத்து பொய்த்துவிட்டதையும், மக்கள் அம்மாளிகைகளை விரும்பிக் காண வருவதையும் அவரே குறிப்பிட்டார். இடியாத கட்டடத்துக்காக முன்னதாகவே எழுதப்பட்ட இரங்கற்பாவாக அந்நாவல் ஆகிவிட்டது எனலாம். ஆனால் போருக்குப் பின் வரிச்சுமை தாங்காது இடிக்கப்பட்ட மாளிகைகளும் நூற்றுக்கணக்கில் உண்டு. எஞ்சியவற்றிலும் கட்டடம் எஞ்சிய அளவுக்கு வாழ்வு எஞ்சவில்லை.

தமிழோடு தொடர்புடைய ஓர் ஆங்கிலக் குடும்பமும் இவ்வரலாற்றில் உண்டு. லியோனார்டு வுல்ஃப் 1904 டிசம்பரில் இலங்கைக்கு வந்து, 1905 முதல் 1907 வரை யாழ்ப்பாணத்தில் அரசுப் பணி புரிந்தவர், தமிழ் கற்றவர். நாடு திரும்பியபின் எழுத்தாளர் வர்ஜீனியாவை மணந்தார். இருவரும் 1919இல் ராட்மெல் என்னும் சிற்றூரில் மங்க்ஸ் ஹவுஸ் என்ற எளிய வீட்டை வாங்கினர். 1940இல் லண்டனில் அவர்கள் குடியிருந்த வீடு குண்டுவீச்சில் சிதைந்தபோது, ராட்மெல் வீடே அவர்களுக்குப் புகலிடமாயிற்று. புத்தகங்கள் மூட்டை மூட்டையாக அங்கு வந்து சேர்ந்தன. அவர்களுடைய அச்சகம் வேறோர் ஊருக்குச் சென்றது. ஊர்ப்புற மாளிகை ஒன்றில் 1939 ஜூன் மாதத்து ஒரு நாளில் நிகழ்வனவற்றைக் கூறும் தம் இறுதி நாவலை வர்ஜீனியா அங்கே எழுதி முடித்தார். 1941 மார்ச் 28 அன்று அவர் உயிர் துறந்தார். நாவல் அவர் மறைவுக்குப் பின்னரே அச்சேறியது. போர் நெருங்கிய காலத்தில் வீடு புகலிடம் தரலாம். ஆனால் நண்பர்கள் வந்து போகும் வழி அடைபட்டால் வீடும் தனிமைச் சிறையாகலாம் என்பதற்கு அவ்வீடு சான்றாக நிற்கின்றது.

சென்னை காலியான கோடை

இங்கிலாந்தை 1939இலேயே வாட்டிய அச்சம் தமிழகத்துக்கு 1942இல் வந்தது. அவ்வாண்டு பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. மார்ச்சு மாதம் இரங்கூன் வீழ்ந்தது. ஏப்ரல் 5ஆம் நாள் கொழும்பிலும், 6ஆம் நாள் விசாகப்பட்டினம், காக்கிநாடா ஆகிய இடங்களிலும், 9ஆம் நாள் திருகோணமலையிலும் குண்டுகள் விழுந்தன. சென்னையில் இன்றியமையாப் பணியில் இல்லாதோர் வெளியேறலாம் என்று அரசு அறிவித்தது. இரயில் நிலையங்களில் கூட்டம் அலைமோதியது. மிருகக்காட்சிசாலையில் இருந்த கொடிய விலங்குகள், குண்டுவீச்சில் கூண்டு உடைந்து வெளிவந்துவிடும் என்ற அச்சத்தால் சுட்டுக் கொல்லப்பட்டன. சில வாரங்களில் மாநகரின் தெருக்கள் வெறிச்சோடின.

அவ்வாறு வெளியேறியவர்களுள் ஒருவர் உ.வே. சாமிநாதையர். 1855இல் பிறந்த அவருக்கு அப்போது வயது 87. திருவல்லிக்கேணியில் அவர் வாழ்ந்த இல்லத்துக்குத் ‘தியாகராச விலாசம்’ என்று பெயர். 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தாம் வகித்த தமிழாசிரியர் பதவிக்கு இளைஞர் சாமிநாதையரைப் பரிந்துரைத்த சி. தியாகராச செட்டியாரின் நினைவாக இடப்பட்ட பெயர் அது. நட்பின் பெயரையே தாங்கி நின்ற இல்லம் அது எனலாம். அதே 1880ஆம் ஆண்டில் கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசாமி முதலியாரின் வீட்டில் நிகழ்ந்த உரையாடலே சாமிநாதையரைச் சீவக சிந்தாமணியின்பால் திருப்பியது. 1887இல் அந்நூல் அச்சேறியது. பல்கலைக்கழகமோ ஆராய்ச்சி நிறுவனமோ தமிழுக்கு இல்லாத காலத்தில், ஒருவர் வீட்டுக் கூடத்தில் இருவர் அமர்ந்து பேசியதன் பயனாக ஒரு காப்பியம் உயிர்பெற்றது.

1940 ஜனவரி முதல் ‘ஆனந்த விகடன்’ இதழில் ‘என் சரித்திரம்’ தொடராக வெளிவந்துகொண்டிருந்தது. போர்ச் செய்திகளுக்கு நடுவே வாரந்தோறும் ஒரு முதியவர் தம் ஆசிரியரையும் நண்பர்களையும் புரவலர்களையும் நினைவுகூர்ந்துகொண்டிருந்தார். சென்னையை விட்டுத் திருக்கழுக்குன்றம் சென்று தங்கிய அவர், 1942 ஏப்ரல் 28ஆம் நாள் அங்கேயே காலமானார். வரலாறு முற்றுப்பெறாமலே நின்றது. 1950இல்தான் நூலாக வந்தது. அவர் வாழ்நாளெல்லாம் தேடிச் சேர்த்த சுவடிகளுக்கும் நூல்களுக்கும் என்ன நேருமோ என்னும் கவலை எழுந்தது. போர் முடியும்வரை காத்திராமல் 1943இலேயே ருக்மிணிதேவி அருண்டேலின் முயற்சியால் உ.வே. சாமிநாதையர் நூல்நிலையம் தொடங்கப்பட்டது. அங்கும் நிறுவனத்துக்கு முன்னே நின்றது மனிதர்கள்மீது மனிதர்கள் கொண்ட மதிப்பேயாகும்.

கொங்கு மண்ணில் வேரூன்றிய நட்பு

இக்காலத்துத் தமிழ் நட்பு வட்டங்களுள் தலையாயதொன்றின் வேர் கொங்கு நாட்டில் உள்ளது. 1925இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் இராஜாஜி காந்தி ஆசிரமத்தைத் தொடங்கினார். அதற்கு நிலம் வழங்கியவர் புதுப்பாளையம் ஜமீன்தார் இரத்தினசபாபதிக் கவுண்டர். மேட்டு நிலத்தில் எழுந்த அக்குடில்களில் கதர் நூற்பும் மதுவிலக்குப் பணியும் நடந்தன. மதுவிலக்குப் பிரசாரத்துக்காக 1929இல் தொடங்கப்பட்ட ‘விமோசனம்’ என்னும் இதழை நடத்துவதில் இராஜாஜிக்குத் துணை நின்றவர் ரா. கிருஷ்ணமூர்த்தி என்னும் இளைஞர். அவரே பின்னாளில் கல்கியாகப் புகழ்பெற்றார். ஆசிரமத்தின் எளிய வாழ்வில் வேரூன்றிய அவ்விருவர் நட்பு, கல்கியின் இறுதிக்காலம் வரை தளர்ந்ததில்லை.

போர் அந்நட்பைச் சோதித்தது. 1940இல் காந்தியடிகள் தொடங்கிய தனிநபர் சத்தியாகிரகத்தில் இராஜாஜி சிறை சென்றார். கல்கியும் மூன்று மாதச் சிறைத்தண்டனை பெற்றார். ஆனந்த விகடனை விட்டு விலகிய கல்கி, 1941 ஆகஸ்ட் 1 முதல் தம் பெயரிலேயே இதழ் தொடங்கினார். அதற்கு வேண்டிய முதலைத் திரட்டுவதற்காக, நண்பர் சதாசிவத்தின் துணைவியார் எம்.எஸ். சுப்புலட்சுமி ‘சாவித்திரி’ திரைப்படத்தில் நாரதராக நடித்தார். காகிதம் கிடைப்பதே அரிதாகிக்கொண்டிருந்த நாளில் ஒரு வார இதழ் நட்பையே முதலாகக் கொண்டு தோன்றியது. அவ்விதழில்தான் 1941 முதல் 1943 வரை ‘பார்த்திபன் கனவு’ம், 1944 முதல் 1946 வரை ‘சிவகாமியின் சபத’மும் தொடர்களாக வெளிவந்தன.

அதே நாள்களில் கொங்கு நாடும் போரின் வெம்மையை உணர்ந்தது. 1942 ஆகஸ்டுப் போராட்டத்தின்போது, அம்மாதம் 26ஆம் நாள் சூலூர் விமானத் தளத்துக்குத் தீ வைக்கப்பட்டது. அதன்பின் கடும் அடக்குமுறை தொடர்ந்தது. கோவை ஆலைகளில் படைகளுக்கு வேண்டிய துணி நெய்யப்பட, நூல் தட்டுப்பாட்டால் கைத்தறியாளர் வாடினர். 1943இல் துணிக்கும் நூலுக்கும் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. பர்மா அரிசி நின்றுபோனதால் உணவுப் பங்கீடு வந்தது. இத்தகைய காலத்தில் விருந்தோம்பல் என்பது சொல்லளவில் எளிது, செயலில் அரிது.

வட்டத்தொட்டி

அவ்வரிய செயலைச் செய்த இல்லமொன்று தென்பாண்டி நாட்டில் இருந்தது. ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் 1882இல் பிறந்தவர், தென்காசியைச் சொந்த ஊராகக் கொண்டவர், சட்டம் பயின்றவர், 1927 முதல் 1930 வரை சென்னைச் சட்ட மேலவையிலும், அதன்பின் 1935 வரை அறநிலையத்துறை ஆணையராகவும் பணியாற்றியவர். திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில் இருந்த அவர் இல்லத்தின் தொட்டிக்கட்டில் 1920களின் நடுப்பகுதி தொட்டு ஞாயிறு மாலைகளில் நண்பர்கள் கூடினர். அக்கூட்டத்துக்கு ‘வட்டத்தொட்டி’ என்றே பெயர் நிலைத்தது.

தொட்டிக்கட்டு வீடு கொங்கு நாட்டார் நன்கறிந்தது. நான்கு புறமும் தாழ்வாரம், நடுவே வானம் பார்த்த முற்றம், மழைநீர் வழிந்து வீழும் தொட்டி என்று அமைந்தது அது. வெயிலும் மழையும் நிலவும் வீட்டுக்குள்ளேயே வரும். மேடை என்று தனியே ஒன்று இல்லாததால், அங்குக் கூடுவோர் பேசுவோர் என்றும் கேட்போர் என்றும் இரு பிரிவாக அமைவதில்லை. ஒருவர் முகம் ஒருவர்க்குத் தெரிய அமர்வதே அங்கு இயல்பு. வட்டத்தொட்டியின் தன்மையை அந்தக் கட்டட அமைப்பே பாதி வகுத்துவிட்டது எனலாம்.

அங்கே உறுப்பினர் பட்டியல் இல்லை, சந்தா இல்லை, தலைவர், செயலாளர் இல்லை. ஒரு பாடலை எடுத்துக்கொண்டு டி.கே.சி. மெல்ல மெல்லப் படிப்பார், திரும்பப் படிப்பார், சொற்களின் ஓசைக்குள் புகுந்து பொருளை வெளிக்கொணர்வார். கம்பனும் முத்தொள்ளாயிரமும் தனிப்பாடல்களும் திருக்குற்றாலக் குறவஞ்சியும் அவ்வாறு பலருக்கு முதன்முறையாக அறிமுகமாயின. பண்டிதர் துணையின்றியும் ஒருவர் கவிதையைத் துய்க்கலாம் என்னும் துணிவை வழக்கறிஞர்க்கும் அலுவலர்க்கும் மாணவர்க்கும் அவ்வில்லம் அளித்தது. நாஞ்சில் நாட்டுக் கவிமணி தேசிக விநாயகம் பிள்ளையின் பாடல்களைத் தமிழுலகம் முழுவதும் கொண்டுசென்றதில் டி.கே.சி.க்குப் பெரும்பங்கு உண்டு.

வாழ்வின் பிற்பகுதியில் டி.கே.சி. குற்றாலத்தில் தங்கினார். வட்டத்தொட்டியும் அவருடன் அங்கே சென்றது என்றே கூறலாம். சாரல் காலத்தில் நண்பர்கள் அங்குத் திரண்டனர். இராஜாஜியும் கல்கியும் அங்கு வந்து தங்கினர். புதுப்பாளையத்தில் வேரூன்றிய நட்பு குற்றாலத்தில் கிளை பரப்பியது. காலையில் அருவி நீராட்டு, பின்பு உணவு, பின்பு பாட்டு, பேச்சு என்று பொழுதுகள் கழிந்தன. இங்கிலாந்தின் மாளிகைகளில் வார இறுதிக் கூட்டங்கள் நின்றுபோன அதே காலத்தில், தமிழகத்தின் மலையடிவாரத்தில் பெருஞ்செல்வமோ பெருமாளிகையோ இல்லாமலே அத்தகைய கூட்டம் நடந்துகொண்டிருந்தது என்பது எண்ணத்தக்கது.

வேற்றுமையைத் தாங்கிய நட்பு

இவ்வட்டத்தின் நண்பர்கள் எல்லாவற்றிலும் ஒத்த கருத்தினர் அல்லர். பிறப்பாலும் தொழிலாலும் அரசியல் சார்பாலும் வேறுபட்டவர்கள். ஆங்கில அரசின் அலுவலர் ஒருபுறம், அவ்வரசால் சிறை வைக்கப்பட்டவர் மறுபுறம் என்று அமர்ந்த அவை அது. 1942 ஜூலையில் இராஜாஜி காங்கிரசை விட்டு விலகினார். பாகிஸ்தான் கோரிக்கை குறித்தும், வெள்ளையனே வெளியேறு போராட்டம் குறித்தும் அவர் கொண்ட கருத்து நாட்டில் பலரது சினத்துக்கு ஆளாயிற்று. நேற்றுவரை போற்றியவர்கள் தூற்றினர். அத்தகைய நாளில் ஒருவருக்கு வேண்டுவது அவர் கருத்தை ஏற்கும் கூட்டம் மட்டுமன்று. கருத்தைக் கேட்காமலே கதவைத் திறக்கும் வீடும் வேண்டும். வள்ளுவர் விருந்தோம்பலை இல்லறத்திலும் நட்பைப் பொருட்பாலிலும் தனித்தனியே வைத்தார். போர்க்காலம் அவ்விரண்டையும் ஒரே வாயிலில் கொண்டு வந்து நிறுத்தியது.

பொதுக்கருத்துக்காகச் சேர்ந்து நின்றதும் உண்டு. 1941 ஆகஸ்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் அண்ணாமலை செட்டியாரின் ஆதரவில் தமிழிசை மாநாடு நடைபெற்றது. இசை மேடைகளில் தமிழ்ப் பாடல்களுக்கு முதன்மை வேண்டும் என்ற அம்மாநாட்டின் தீர்மானத்தைச் சென்னை சங்கீத வித்வத் சபையினர் ஏற்கவில்லை. கல்கி தம் இதழில் இடைவிடாது எழுதினார். டி.கே.சி. மேடைதோறும் பேசினார். இராஜாஜியும் ஆதரவு தந்தார். 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றியது. கொங்கு நாட்டு மஞ்சக்காட்டுவலசில் பிறந்த பெரியசாமித் தூரன், அந்நாளில் பெரியநாயக்கன்பாளையம் இராமகிருஷ்ண வித்யாலயத்தில் ஆசிரியராயிருந்தவர். அவர் இயற்றிய தமிழ்க் கீர்த்தனைகள் பின்னாளில் இசை மேடைகளில் நிலைபெற்றன. கூடத்தில் நண்பர்கள் பேசிய பேச்சு இயக்கமாகி அவைக்களத்துக்கு வருவது எவ்வாறு என்பதற்கு இது தக்க எடுத்துக்காட்டு.

டி.கே.சி. பேசிய அளவுக்கு எழுதியவர் அல்லர். எனினும் நண்பர்களுக்கு அயராது கடிதம் எழுதினார். கவிதை பற்றியும் உணவு பற்றியும் சாரல் பற்றியும் ஒரே கடிதத்தில் எழுதுவார். பயணம் கடினமான போர்க்காலத்தில் அஞ்சலே வட்டத்தொட்டியை ஊர்தோறும் கொண்டுசென்றது. நண்பர்கள் அக்கடிதங்களைப் பேணி வைத்தமையால் அவை பின்னர் நூலாயின. பேணாதிருந்தால், பேச்சோடு பேச்சாக எல்லாம் காற்றில் கரைந்திருக்கும்.

எண்ணிப் பார்க்க வேண்டிய குறைகள்

நட்பு வட்டத்தின் பெருமையைக் கூறுவோர் அதன் குறைகளையும் கூறுதல் கடன். வட்டத்துக்குள் ஒருவர் கூறுவது எல்லார்க்கும் இனிக்கும், மறுத்துரைப்பார் இலராவர். கம்பராமாயணத்தில் தம் இரசனைக்கு ஒவ்வாத பாடல்களை டி.கே.சி. கம்பன் வாக்கு அல்ல என்று ஒதுக்கினார். சில இடங்களில் சொற்களையும் மாற்றி அமைத்தார். சுவடிச் சான்றின்றிச் சுவையையே அளவுகோலாகக் கொண்டு பாடம் தீர்மானிப்பது முறையன்று என்று தமிழறிஞர் பலர் கண்டித்தனர். அக்கண்டனம் பொருளுடையதே. சுவடிகளை ஒப்புநோக்கிப் பின்னர் வெளிவந்த பதிப்புகள் அவர் வழியைப் பின்பற்றவில்லை. சாமிநாதையர் ஒரு சொல்லுக்காகப் பல சுவடிகளைத் தேடி ஊர் ஊராக நடந்தவர்; டி.கே.சி. ஒரு சொல்லைப் பலமுறை ஓதிப் பார்த்துத் தம் செவியையே நம்பியவர். தமிழுக்கு இருவரும் வேண்டும். ஆனால் ஒருவர் பணியை மற்றவர் செய்ய முற்படும்போது இடர் நேர்கின்றது.

மற்றொரு குறை வரலாறு எழுதியோருடையது. வட்டத்தொட்டியின் விருந்தைப் புகழ்ந்தோர் பலர். அவ்விருந்தைச் சமைத்த மகளிரைப் பற்றி எழுதியது சிறிது. அரிசி பங்கீட்டில் கிடைத்த காலத்தில், முன்னறிவிப்பின்றி வந்த விருந்தினர்க்கு இலை போட்டது அடுக்களைக் கைகளே. முற்றத்தில் கம்பன் ஒலித்தபோது புகை சூழ்ந்த அறையில் இருந்தவர்களுக்கு அப்பாடல் எவ்வளவு கேட்டது என்பதை எக்குறிப்பும் கூறவில்லை. பணிப்பெண்கள் வெளியேறியபின் ஆங்கில மாளிகை வாழ்வு குலைந்ததை நினைவிற் கொண்டால், இல்லத்து மகளிர் இல்லையேல் வட்டத்தொட்டி ஒரு மாதமும் நடந்திராது என்பது தெளிவாகும். இலக்கிய அவைகளின் வரலாற்றில் அவர்களுக்கும் உரிய இடம் தரப்படுதல் வேண்டும்.

எஞ்சி நிற்பது எது?

1954ஆம் ஆண்டு தமிழுக்கு இழப்புகள் நிறைந்த ஆண்டு. பிப்ரவரி 16இல் டி.கே.சி. மறைந்தார், செப்டம்பர் 26இல் கவிமணி மறைந்தார், டிசம்பர் 5இல் கல்கி மறைந்தார். ஒரே ஆண்டுக்குள் வட்டத்தின் நடுநாயகமும், அது போற்றிய கவிஞரும், அதன் குரலை நாடெங்கும் பரப்பிய எழுத்தாளரும் இல்லாமற் போயினர். அத்தோடு அவ்வட்டம் முடிந்துவிட்டது என்றே எவரும் எண்ணுவர்.

ஆயினும் நிகழ்ந்தது வேறு. அத்தொட்டிக்கட்டில் அமர்ந்து கேட்டவர்கள் தத்தம் துறையில் பணியைத் தொடர்ந்தனர். தொ.மு. பாஸ்கரத் தொண்டைமான் அரசு அலுவலராய் இருந்தபோது, கேட்பாரற்றுக் கிடந்த சிலைகளைத் திரட்டி 1951இல் தஞ்சைக் கலைக்கூடம் அமையக் காரணமானார். ‘வேங்கடம் முதல் குமரி வரை’ என்று கோயில்களைப் பற்றி எழுதினார். நீதியரசர் எஸ். மகராஜன் ஷேக்ஸ்பியரின் நாடகங்களைத் தமிழில் பெயர்த்தார், ஆட்சித்தமிழுக்கும் உழைத்தார். பேராசிரியர் அ. சீனிவாசராகவன் வகுப்பறையில் கவிதைச் சுவையை வளர்த்தார். இடைசெவல் என்னும் கரிசற்காட்டுச் சிற்றூரிலிருந்து வந்த கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும் டி.கே.சி.யின் அன்புக்கு உரியவர்களாயினர். பின்னாளில் இருவரும் சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்ற எழுத்தாளர்களாயினர். பேச்சுத்தமிழின் உயிரோட்டத்தை எழுத்துக்குக் கொண்டுவந்த கி.ரா. 2021 வரை வாழ்ந்து, அந்த இல்லத்தின் நினைவை அடுத்த நூற்றாண்டுக்கும் கடத்தினார்.

இங்கிலாந்தின் மாளிகைகளில் பல இன்று நுழைவுச்சீட்டு வாங்கிக் காணும் இடங்களாக உள்ளன. மங்க்ஸ் ஹவுஸும் 1980 முதல் அந்நாட்டுத் தேசிய அறக்கட்டளையின் பாதுகாப்பில் உள்ளது. மேசையும் நாற்காலியும் இருந்தவாறே இருக்கின்றன. தமிழகத்தில் தொட்டிக்கட்டு வீடுகள் அவ்வாறு பேணப்படவில்லை. கொங்கு நாட்டில் பாகப்பிரிவினையாலும், தொழில் பெருக்கத்தாலும், காங்கிரீட் கூரையின் வரவாலும் முற்றங்கள் மூடப்பட்டு வருகின்றன. திருப்பூரைச் சுற்றி எத்தனையோ முற்றங்கள் தையற்கூடங்களாயின. அக்கட்டடங்கள் மறைவது வருந்தத்தக்கதே. எனினும் வட்டத்தொட்டியின் வரலாறு வேறொன்றையும் உணர்த்துகின்றது. மாளிகையைக் காத்தவர்கள் அதன் வாழ்வை இழந்தனர். வீட்டைக் காக்க இயலாதவர்களோ அதன் பழக்கத்தைக் காத்தனர். ஒரு பாடலைச் சுற்றி நால்வர் அமர்ந்து, ஒருவர் முகம் ஒருவர் பார்த்துப் பேசும் அப்பழக்கம் திருநெல்வேலியிலிருந்து குற்றாலத்துக்கு இடம் பெயர்ந்தது, கடிதங்களில் பயணம் செய்தது, இதழ்களில் அச்சேறியது, சிற்றூர்களின் இலக்கிய வட்டங்களில் இன்றும் வாழ்கின்றது.

பருத்திச் சந்தையும் முருங்கைத் தோட்டமும் சூழ்ந்த மூலனூர் போன்ற ஊரில் பணி நேரம் முடிந்து, களைத்த உடலோடு ஒரு நூலைப் பற்றிப் பேசச் சிலர் கூடுகின்றனர் எனில், அவர்கள் அறிந்தோ அறியாமலோ அந்த மரபின் வழியினரே ஆவர். பத்தாண்டு என்பது ஓர் இலக்கிய வட்டத்துக்குச் சிறிய காலம் அன்று. அடுத்த பத்தாண்டுக்கு அவ்வரலாறு தரும் அறிவுரைகள் மூன்று. கூட்டத்தில் கருத்து வேற்றுமைக்கு இடம் இருத்தல் வேண்டும். பேசப்பட்டவை எழுத்தில் பதிதல் வேண்டும். அடுக்களையில் நிற்பவர்க்கும் முற்றத்தில் இருக்கை இடப்பட வேண்டும். இம்மூன்றும் அமையுமாயின், மண்டபம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அமைதிக் காலமாயினும் இடர் சூழ்ந்த காலமாயினும், தமிழ் பேச ஒரு வாயில் திறந்தே இருக்கும்.